லீவு அங்கிளின் அந்தோனியார் விருந்து

ஆட்களைப் பிழிந்து வேலை வாங்கிய முதலாளிகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியாயிற்று. வேலை செய்கிறவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "போ பிள்ளை வீட்டை!" என்று வாசல் வரை துரத்திக்கொண்டு வந்த முதலாளி எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். சிட்னியின் மேற்கே, டூங்கபியில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நல்ல கிறிஸ்தவப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அவர் லீவு அங்கிள்.

மன்னார்க்காரர். எதிரே யார் வந்தாலும் "சுகமோ", "சாப்பிட்டியளோ" என்றெல்லாம் கேட்க மாட்டார். "லீவோ?" என்பார். அதுதான் அவருடைய வணக்கம். ஒருமுறை மரண வீட்டில், செத்தவரின் பேரனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, "லீவோ?" என்று கேட்டார். அந்தப் பையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "Yes uncle, till Monday" என்றான். கோயிலில் ஃபாதரையும் விட்டு வைக்கவில்லை. (மன்னார்க்காரர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். திருச்சியிலிருந்து போன எனக்கு அது பழகச் சில வாரங்கள் ஆயின.) "எங்களுக்கு ஏது லீவு" என்று ஃபாதர் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. "அப்ப கவனமா இருங்கோ ஃபாதர்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகிற எங்களுக்கு ஒரு விதி உண்டு. வகுப்பு நடக்கிற காலத்தில் இரண்டு வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒரு நிமிடம் செய்தாலும் விசாவுக்கு ஆபத்து. படிப்புக்கு விடுமுறை விட்டால் வரம்பே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். மற்ற கடைக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கண்ணடிப்பார்கள். லீவு அங்கிளோ இதைப் பத்துக் கட்டளைகளுக்குக் கீழே பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்.

நான் வேலை கேட்டுப் போன அன்று, சமைக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதாகப் போயிற்று.

"செமஸ்டர் எப்ப முடியுது?"

"ஜூன்ல அங்கிள்."

"ஜூனில எப்ப?"

"நடுவுலன்னு நினைக்கிறேன்."

"நினைக்கக் கூடாது பிள்ளை. நினைச்சவையள் எல்லாம் இப்ப ஊரில நிக்கினம்."

மறுநாள் என் பல்கலைக்கழகத்தின் காலண்டர், குசினி என்று அவர் சொல்லும் சமையலறையின் சுவரில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அங்கே எனக்கு முன்னால் இருவர் வேலையில் இருந்தார்கள். கோயம்புத்தூர்க் கவின், யாழ்ப்பாணத்து மயூரி. மூவரும் ஒரே பல்கலைக்கழகம்தான். ஆனாலும் மூன்று காலண்டர்கள். ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, "உன்ர படிப்பு வேற, அவன்ர படிப்பு வேற, லீவும் வேறயா இருந்தால்?" என்று மடக்கினார். அன்ரி, அதாவது அவர் மனைவி, தினமும் காலையில் ஏற்றிய மெழுகுதிரி அந்தோனியாருக்கும் எங்கள் மூவருக்கும் பொதுவாக எரிந்தது.

நேரம் முடிந்தது என்றால் முடிந்ததுதான். ஒருநாள் கவின் கொத்து ரொட்டி கொத்திக்கொண்டிருந்தான். டக டக டக என்று கடையே அதிர்கிறது. பாதியில் அங்கிள் பின்னாலிருந்து வந்து இரண்டு தகடுகளையும் வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க அங்கிள், இன்னும் ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுருங்க."

"அந்த ரெண்டு தட்டுக்குத்தான் விசா போகும். வீட்டை போ."

காத்திருந்த வாடிக்கையாளருக்குப் பாதி முழு ரொட்டியும் பாதி கொத்தும் கலந்து ஒரு புதுப் பண்டம் கிடைத்தது. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன அண்ணை?" என்றார். அங்கிள் கொஞ்சமும் அசராமல், "அரைக் கொத்து. இண்டைக்கு ஸ்பெஷல்" என்றார். அடுத்த வாரம் அதே மனிதர் வந்து அரைக் கொத்தே வேண்டும் என்று நின்றது வேறு கதை.

இதில் அவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். விதியில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைப் பயம் நிரப்பியிருந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரமும் வேலையில் சேரும் என்று ரொம்ப நாள் நம்பி, எங்களைச் சாப்பாட்டோடு வெளியே பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக்டவுனிலிருந்து சாப்பிட வந்த ஒரு டாக்டர், பார்க்கச் சின்னப் பையன் போல இருப்பார், சாப்பிட்ட தட்டை மரியாதையாக எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். அங்கிள் பாய்ந்து போய்த் தட்டைப் பறித்தார். "எந்த யூனிவர்சிட்டி தம்பி?" டாக்டர் திகைத்துப்போய், தான் படித்து முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் அங்கிள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்கள் கடை நடத்துறியளோ, இமிகிரேசன் ஒபிஸ் நடத்துறியளோ?" என்று அன்ரி தலையில் அடித்துக்கொள்வார். எங்களிடம் திரும்பி, "இவருக்குப் பயம்தான் மூத்த மனுசி. நான் ரெண்டாம் தாரம்" என்பார்.

ஆனால் லீவு வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். முதல் நாள் காலையிலேயே கடை வாசலில் முகமெல்லாம் பல்லாக நிற்பார். "வாங்கோ, வாங்கோ, விரும்பின அளவு நில்லுங்கோ!" என்று எங்களை உள்ளே விட்டுவிட்டு, தான் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவார். ஒரு லீவில் நாங்கள் மூவரும் மலைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போக ஒருநாள் அனுமதி கேட்டோம். அவருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது.

"லீவிலயோ ஊர் சுத்துறது? படிக்கேக்க சுத்துங்கோ!"

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜூன் மாதத்தில் அந்தோனியார் திருவிழா வரும். அன்று கோயில் மண்டபத்தில் மன்னார்க்காரர்கள் எல்லோருக்கும் மதிய விருந்து. அந்தச் சமையலை வருடா வருடம் வேறொரு பெரிய கடைதான் செய்துகொண்டிருந்தது. "எங்கட அந்தோனியாருக்கு ஆரோ சமைக்கினம்" என்று அங்கிள் ஒவ்வொரு வருடமும் அந்த விருந்தில், ரொட்டிக்குள் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ஒரு ரோல்ஸை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு, "மிளகு காணாது" என்று வைத்துவிடுவாராம். அந்த வருடம் திருவிழாக் கமிட்டி முதல்முறையாக அவரைக் கூப்பிட்டது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் இனி வருடா வருடம் அவர்தான். சொதப்பினால் அத்தனை சொந்தக்காரர் முகத்திலும் சாகும்வரை முழிக்க முடியாது.

அவர் உடனே தலையாட்டவில்லை. கவினையும் என்னையும் கூப்பிட்டு, "லீவு விட்டிடுமோ?" என்று கேட்டார்.

"எல்லாம் விட்டாச்சுங்க அங்கிள்!" என்றான் கவின். "கடைசி வகுப்பு முடிஞ்சு, எனக்குப் பரீட்சையும் முடிஞ்சுதுங்க."

எனக்கும் முடிந்துவிட்டது. நானும் தலையாட்டினேன். கடைசி வகுப்பு முடிந்தால் லீவு என்றுதான் எங்கள் வீட்டில் குடியிருந்த அத்தனை மாணவர்களும் நம்பினோம். பையைத் தூக்கி மூலையில் எறிந்தால் லீவு தொடங்கிவிடும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த நியாயம். சுவரில் தொங்கிய காலண்டர்களிலும் வகுப்பு முடியும் தேதி மட்டும்தான் இருந்தது. அந்த நம்பிக்கையில் அங்கிள் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்தார். நாங்களும் அந்த வாரம் ஓடியாடி வேலை செய்து, இரண்டு வாரக் கணக்கில் எங்களுக்குரிய மணி நேரத்தைக் கிட்டத்தட்டத் தீர்த்துவிட்டோம்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு மயூரி வெங்காயம் வெட்டியபடி, "Uncle, எனக்கு நாளைக்கு ஒரு exam இருக்கு" என்றாள்.

அங்கிளின் கை நின்றது. "இவையளின்ர யூனிவர்சிட்டியிலதானே?"

"ஓம் uncle, அதே யூனிவர்சிட்டிதான்."

"அப்ப பரீட்சை இன்னும் நடக்குது. பரீட்சை நடந்தால் லீவு எப்பிடி?"

"எனக்கு முடிஞ்சிருச்சே அங்கிள்" என்றேன் நான்.

"உனக்கு முடிஞ்சது சரி பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு முடிஞ்சுதோ?"

பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மிக இனிமையான குரலில், எல்லா மாணவர்களுக்கும் பரீட்சைக் காலம் முடிந்த பிறகுதான் அதிகாரபூர்வ விடுமுறை என்றும், அது திங்கட்கிழமை தொடங்குகிறது என்றும் சொன்னாள். திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அங்கிள் அந்த ஃபோனை நோக்கிக் கும்பிட்டு, "தேங்க் யூ மகள்" என்றார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். மயூரியின் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வாங்கோ" என்றார்.

"அப்போ விருந்து?"

"அதை நானும் அன்ரியும் பாக்கிறம். நீங்கள் போங்கோ."

வாசல் வரை வந்த அன்ரியிடம் நான் சண்டைக்குப் போனேன். "ஒருநாள்தானே அன்ரி! யார் வந்து பார்க்கப்போறாங்க? இவ்வளவு பயம் எதுக்கு?"

அன்ரி சிரித்தார். "இஞ்ச வந்த புதிசில இவருக்கு வேலை செய்ய விடாத விசா. வருசக்கணக்கா வீட்டில சும்மா. ஒருநாள் பொறுக்க ஏலாமல் கூட்டாளி கடையில வெங்காயம் உரிக்கப் போனவர். ஆரோ ஒருத்தன் யூனிபோர்ம் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து பேர் கேட்டிருக்கிறான். இவர் பின்கதவால பாய்ஞ்சு, ரெயில் பாதைக் கரையால ஓடி, உரிச்ச வெங்காயம் கையிலயே இருக்க வீட்டை வந்து கட்டிலுக்குக் கீழ படுத்திட்டார்."

"யாரு அன்ரி வந்தது?"

"தபால்காரன்."

நானும் கவினும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்ரியும் சிரித்தார். வீட்டுக்கு நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயம் அவருக்குத் தேவையில்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது எங்களுக்காகப் பயந்துகொண்டிருந்தார். நாங்கள் பயப்படாமல் திரிந்ததால் மூன்று பேர் பங்கையும் அவரே பயப்பட வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை, ஜூன் மாதக் குளிரில் மூவரும் கடை வாசலில் போய் நின்றோம். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் துண்டோடு அங்கிள்.

"திறங்க அங்கிள். எங்களுக்குச் சம்பளமே வேணாம். சும்மா உதவி பண்றோம்."

"சும்மா செய்தாலும் வேலைதான் பிள்ளை."

"அன்புலதானே செய்றோம்!"

"அன்புக்கும் மணித்தியாலம் இருக்கு! கோயிலுக்குப் போய்ச் செபம் பண்ணுங்கோ. அதுக்கு மட்டும்தான் லிமிட் இல்லை."

கவினுக்கும் எனக்கும் சிலுவை போடக்கூடத் தெரியாது. இருந்தாலும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மயூரி எழுந்தபோது எழுந்து, அவள் முழந்தாளிட்டபோது முழந்தாளிட்டோம். வெளியே அங்கிளின் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். சோறு, கோழிக் கறி, கத்தரிக்காய், பருப்பு எல்லாம் தயார். அங்கிளும் அன்ரியுமாக இரண்டு கிழடுகள் இரவெல்லாம் தூங்காமல் செய்து முடித்திருந்தார்கள். ஆனால் திருவிழாவுக்கு ரோல்ஸ்தான் முக்கியம். அண்டா அண்டாவாக உள்ளே வைக்கும் கறியும், அடுக்கு அடுக்காகச் சுட்ட ரொட்டியும் மேசையில் கிடந்தன. சுருட்டிய ரோல்ஸ் ஒன்றுகூட இல்லை.

கமிட்டிச் செயலாளர், ஒரு கணக்காளர், கழுத்துப் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டு குசினியை எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அங்கிள் அவரைக் கடந்து போய், ஃபாதரின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் திருநாள் வாழ்த்துகள். உள்ளதைச் சொல்லுறன். ரோல்ஸ் இன்னும் சுருட்டேல்லை. சுருட்ட ஆள் இருக்கு, ஆளுக்கு மணித்தியாலம் இல்லை. ஆனபடியால், சிட்டிசன் எல்லாரும் கை கழுவிப்போட்டுக் குசினிக்கு வாங்கோ. நிரந்தர விசா, பி.ஆர். உள்ளவையும் வரலாம். ஸ்டூடண்ட் விசாப் பிள்ளையள் எல்லாரும் முன்னுக்கு வந்து கதிரையில இருங்கோ. ஒருத்தரும் ஒரு கரண்டியைக்கூடத் தொடக் கூடாது."

செயலாளர் குசினி வாசலிலிருந்து விரைந்து வந்தார்.

"சமையல் ஓடர் எடுத்தது நீங்கள். சமைக்கிறது நாங்களோ?" என்றார் செயலாளர்.

"சாமான் என்ர, கை உங்கட. கூலி எனக்கு வேண்டாம்."

செயலாளர் வாயைத் திறப்பதற்குள், பட்டுச் சேலை உடுத்த ஒரு பல் டாக்டர் எழுந்து முந்தானையைச் செருகினார். "பசிக்குது. கதைச்சுக்கொண்டு நிண்டால் ரோல்ஸ் தானாச் சுருளுமோ?" என்று நடக்க ஆரம்பித்தார். அவர் பின்னால் ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொரு வரிசை. ஃபாதரும் அங்கியின் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். அங்கிள் குறுக்கே கையை நீட்டினார்.

"ஃபாதர், நீங்கள் இஞ்ச என்ன விசாவில?"

ஃபாதர் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "சமயப் பணி விசா" என்றார்.

"அதில பூசை வைக்கலாம் எண்டிருக்கும். ரோல்ஸ் சுருட்டலாம் எண்டிருக்கோ?"

ஃபாதர் யோசித்தார். பிறகு மடித்த கையை இறக்கிவிட்டு வந்து எனக்கும் கவினுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எஞ்சினியர்களும் வக்கீல்களும் வங்கி அதிகாரிகளும் வரிசையாக நின்று ரோல்ஸ் சுருட்டினார்கள். பல் டாக்டர் சுருட்டியவை ஒரே அளவில் கச்சிதமாக வந்தன. ஒரு வக்கீல் சுருட்டியது முழங்கை நீளம் இருந்தது. செயலாளர் உள்ளே வைக்கும் கறியைக் கிள்ளிக் கிள்ளி வைப்பதைப் பார்த்து அங்கிள் கத்தினார்: "இது வரவு செலவு இல்லை அண்ணை, அள்ளி வையுங்கோ!" ஒருவர் முட்டையில் தோய்க்க, ஒருவர் ரஸ்க் தூளில் புரட்ட, அன்ரி பொரித்துப் பொரித்துத் தள்ளினார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள், நடுவில் ஃபாதர், கல்யாணப் பெண் மாப்பிள்ளை போல முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். பக்கத்துப் பெண்ணுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் ஜக்கை நோக்கிக் கையை நீட்டினேன்.

"பிள்ளை! கை!" மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம்.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விருந்து ரொம்பத் தாமதமாகத்தான் தொடங்கியது. முதல் பந்தி எங்களுக்கு. நான்கு தலைமுறையாகப் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்கிற குடும்பத்துப் பெரியவர் எனக்குப் பருப்பு ஊற்றினார். யாருடைய ரோல்ஸும் பார்க்க லட்சணமாக இல்லை, ஒன்றுகூட மிஞ்சவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் செயலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு அண்டா தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, தான் சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அண்டா தேய்த்த கதையை அங்கிளுக்குச் சொன்னார்.

இதனால் அங்கிளுக்கு நல்லது நடந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. அடுத்த வாரமே கமிட்டி கூடி, இவ்வளவு சந்தோஷமான திருவிழா இதுவரை நடந்ததில்லை, ஆகவே இனிமேல் எந்தக் கடைக்கும் ஆர்டர் கொடுப்பதில்லை, எல்லோரும் சேர்ந்தே சமைப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. இத்தனை வருடம் ஏங்கிய ஆர்டர் ஒரே நாளோடு போய்விட்டது. கடைக்கு வந்து இந்தச் செய்தியைச் சொன்ன செயலாளரே கொஞ்சம் கூச்சப்பட்டார்.

அன்ரிக்குத்தான் கோபம். "பாத்தியளோ? உங்கட பயத்தால வந்த வினை."

அங்கிள் ரொட்டி மாவைப் பிசைந்தபடி, "ஓடர் போனால் போகட்டும். ஒரு பிள்ளையின்ர விசாவும் போகேல்லைதானே" என்றார். சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் அவர் பக்கம் பார்க்கவில்லை. மயூரி மட்டும், "Thanks uncle" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்கடுத்த ஜூனில் நான் படிப்பை முடித்திருந்தேன். புது விசா வந்திருந்தது. அதில் வேலை நேரத்துக்கு வரம்பு கிடையாது. திருவிழா அன்று விடிந்ததும் விடியாததுமாகக் கோயில் மண்டபத்துக் குசினி வாசலில் போய் நின்றேன். அங்கிள் கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றி வழியை மறித்தார்.

ஃபோனில் விசாவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அன்ரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நம்பிக்கை வராமல் அந்தப் பல் டாக்டரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிறகு கையை எடுத்து வழிவிட்டார். அங்கேயிருந்த அண்டாக்களில் ஆகப் பெரியதை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். கண் கலங்கியிருந்தது, வெங்காயம் உரிக்கிற இடம் வெகு தூரத்தில் இருந்தது.

"இண்டைக்கு நீ எவ்வளவு நேரமும் நில்லு பிள்ளை."

கடைசி அண்டா காயும்வரை நின்றேன். அவர் ஒரு தடவைகூடப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.